பத்தாம் நம்பர் ஷூ

என் பாதத்தின் அளவு ஒன்பது. இதை எழுத்தில் வைப்பது இதுதான் முதல் முறை. பெண்களுக்கான காலணிகள் பெரும்பாலான கடைகளில் ஏழோடு நின்றுவிடும்; தேடினால் எட்டு கிடைக்கும். நான் அந்த எட்டை வாங்கி, குதிகால் பின்னால் கொஞ்சம் தொங்க, புடவையை இறக்கிக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷத்தை ஓட்டியவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தும்போதுகூட மேஜைக்குப் பின்னால் நிற்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

என் கல்யாணத்தில் அம்மி மிதிக்கும்போது மாப்பிள்ளை என் காலைத் தூக்கி அம்மிமேல் வைத்தார். அவர் பக்கத்துப் பெரியம்மா ஒருத்தர், "அடியாத்தி, அம்மி பத்தலையே!" என்றார். மண்டபமே சிரித்தது. குனிந்திருந்த மாப்பிள்ளையும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்ததை நான் மேலிருந்து பார்த்தேன். அவர் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து என் காலை யாரும் உற்றுப் பார்க்காதபடி பார்த்துக்கொண்டேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு எதிர் வீட்டில் இருக்கும் அக்கா வங்கியில் வேலை பார்க்கிறார். அவரும் நானும் இன்னும் சில பெண்களும் காலையில் கொள்ளிடக்கரைப் பக்கம் நடக்கப் போவோம். நடந்து நடந்து அலுத்துப்போன அக்காதான் அந்த யோசனையைச் சொன்னார்.

"ஒரு வேன் பேசிட்டு பச்சமலைக்குப் போவோம். உப்பிலியபுரம் தாண்டினா அடிவாரம். ஓடை வரைக்கும் ஏறி இறங்கலாம். ஆனா செருப்புப் போட்டுக்கிட்டு யாரும் வராதீங்க, முழுக்கப் பாறை. நல்ல ஷூவா வாங்கிக்குங்க."

பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகளும் வருவதாகச் சொன்னாள். போனை நோண்டி, என்ன வாங்க வேண்டும் என்று அவளே கண்டுபிடித்துவிட்டாள். கணுக்கால் வரை மூடும் கனமான மலையேற்ற ஷூ நமக்குத் தேவையில்லை, மலைப்பாதையில் ஓடுகிறவர்கள் போடும் ட்ரெயில் ஷூ போதும், அது லேசாக இருக்கும், அடியில் கட்டை கட்டையாக ரப்பர் பல் இருக்கும், கூரான கல் குத்தாமல் இருக்க உள்ளே ஒரு தகடும் சிலவற்றில் உண்டு என்றெல்லாம் சொன்னாள். "அப்புறம் முக்கியமா, சாதாரண சைஸைவிடக் கொஞ்சம் பெருசா வாங்கணுமாம்மா. இறங்கும்போது கால் முன்னாடி சறுக்குமாம்."

பெரியதாக என்றதுமே புடவைக் கொசுவத்தை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

தில்லைநகரில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். கடைப்பையன் என்று சொல்ல முடியாத, முப்பது வயதுக்காரர் ஒருவர் அளவுப் பலகையைக் கொண்டுவந்து கீழே வைத்தார். நான் காலை வைத்தேன். அவர் பலகையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார்.

"லேடீஸ்ல இந்த சைஸ் வராதுங்க மேடம். ஜென்ட்ஸ்ல பாத்துருவோம்." அத்தோடு விட்டிருக்கலாம். மாடியிலிருக்கும் கிடங்கைப் பார்த்துக் கத்தினார். "அண்ணே, ட்ரெயில் ஷூ, ஜென்ட்ஸ் பத்து எறக்குங்க! லேடீஸுக்கு!"

பக்கத்து இருக்கையில் பையனுக்குப் பள்ளிக்கூட ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா திரும்பி, என் முகத்தையல்ல, காலைப் பார்த்தார். காது மடல் சுட்டது எனக்கு. காலைப் பலகையிலிருந்து எடுத்து இருக்கைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"பத்தெல்லாம் வேணாங்க. லேடீஸ்ல இருக்கறதுலயே பெருசு எதுவோ அதைக் குடுங்க."

"எட்டுதாங்க இருக்கு. உங்களுக்கு..."

"அது போதும்."

கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ஜோடி வந்தது. பார்க்க அழகாக இருந்தது. மெல்லிய காலுறை போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக் காலை உள்ளே திணித்தேன். மகள் குனிந்து முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"அம்மா, உள்ள வெரல் மடங்கிக் கெடக்கு."

"போடப் போட எளகிடும்."

"ஷூ எளகாதும்மா. உனக்கு ஒன்பதுதானே, இதுக்குப் பத்து..."

"மெதுவாப் பேசு" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் தன் முறை வந்தபோது, "அண்ணா, எனக்கு ஜென்ட்ஸ்லயே ஒன்பது குடுங்க, என் கால் எட்டு" என்று கடைக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். கறுப்பில் ஒன்றைப் போட்டு, கடைக்குள் நாலு தடவை குதித்துப் பார்த்தாள். அவளுக்காகவும் எனக்குக் கூசியது. இதைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

மலையேறும்போது ஒன்றும் தெரியவில்லை. ஏற்றத்தில் எடை குதிகால் பக்கம் போய்விடுகிறது. ரப்பர் பற்கள் பாறையைக் கவ்விப் பிடித்தன. என் ஷூவின் நிறத்தை எல்லோரும் பாராட்டினார்கள். ஓடைக்கரையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டபோது நான் ஷூவைக் கழற்றவில்லை. மற்றவர்கள் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டிருந்தார்கள். "நீங்களும் வாங்க" என்று அக்கா கூப்பிட்டார். "சளி பிடிச்சிருக்குக்கா" என்றேன்.

இறங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துபோயிற்று. ஒவ்வொரு அடிக்கும் பாதம் முன்னால் சறுக்கி, விரல்கள் ஷூவின் முனையில் போய் இடித்தன. முதலில் வலி, பிறகு எரிச்சல், பிறகு யாரோ நகத்தை நெம்புவது போல ஒன்று. பக்கவாட்டில் இறங்கினேன். பின்பக்கமாகக்கூட இறங்கிப் பார்த்தேன். பெண்கள் நின்று நின்று எனக்காகக் காத்திருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சரிவான பாறையில் அதற்குமேல் கால் எடுத்து வைக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்க ஆச்சு? சுளுக்கா?" என்று அக்கா மேலேறி வந்தார்.

"ஒண்ணும் இல்லக்கா. கொஞ்சம் உக்காந்துட்டு வரேன்."

மகள் நேராக என் காலடியில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தாள். நான் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. ஷூவும் காலுறையும் கழன்று வந்தன. இரண்டு கட்டைவிரல் நகங்களும் கருநீலமாகிவிட்டிருந்தன; ஒன்றின் ஓரத்தில் ரத்தம் கசிந்து காலுறையில் ஒட்டியிருந்தது. நட்ட நடு வெயிலில், வெறும் பாறையில், என் இரண்டு கால்களும் அத்தனை பேர் முன்னால் கிடந்தன. யாரோ ஒருத்தி, "ஐயோ, எவ்ளோ பெரிய காலு, இதை எப்படிக்கா அதுக்குள்ள விட்டீங்க?" என்றாள். பரிதாபப்பட்டுத்தான் கேட்டாள். எனக்குத்தான் அந்தப் பாறைக்குள் புதைந்துபோகலாம் போலிருந்தது.

மகள் தன் கறுப்பு ஷூவைக் கழற்றி என் முன்னால் வைத்தாள்.

"இதப் போட்டுக்க. ஒன்பது."

"நீ?"

"உன்னுது எட்டு. எனக்குப் போதும்."

அது என் காலுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. விரல்கள் கொஞ்சம் இடித்தாலும் நடக்க முடிந்தது. அவள் என் கத்தரிப்பூ ஷூவைப் போட்டுக்கொண்டு முன்னால் இறங்கினாள். வேன் நிற்குமிடம் வரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் அவள் முதுகைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அவள் கூடத்தில் உட்கார்ந்து நகத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வலது கட்டைவிரல் நகமும் கறுத்திருந்தது. எட்டு அளவுக் காலுக்கு எட்டு அளவு ஷூ தரையில் சரி, மலையிறக்கத்தில் சரியில்லை. அவள் முதலிலேயே சொன்னதுதான். காபி டம்ளரோடு வந்த என் கணவர் எங்கள் இருவர் கால்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, ரெண்டு பேரும் சொல்லி வெச்சு நகத்துக்குச் சாயம் போட்டுக்கிட்டீங்களா?"

மகள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எனக்கு வலித்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. கடையில் முன்பின் தெரியாத ஒரு பெண் என் காலைப் பார்த்துவிட்டாள் என்பதற்காக என் பிள்ளையின் நகம் கறுத்திருக்கிறது என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

நகம் விழுந்து புதிது முளைக்கும்வரை நடக்கப் போகவில்லை. அந்த நாட்களில் நானே உட்கார்ந்து படித்தேன். கால் நாள் முழுக்க நடந்து வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் ஷூ வாங்க வேண்டும். மலையில் போடப்போகிற தடித்த காலுறையைக் கையோடு கொண்டுபோக வேண்டும். நின்றபடி பார்த்தால் நீள விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். ஒன்பதைச் சொல்லவே கூசியவள் இப்போது வாயைத் திறந்து பத்து கேட்க வேண்டும்.

கேட்டேன். ஒரு சாயங்காலம் பள்ளிவிட்டு நேராக, தனியாக, அதே கடைக்குப் போனேன். அதே ஆள்தான் வந்தார். கடையை விட்டு ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவர் பலகையைக் கீழே வைத்து, "எந்த மாதிரி பாக்கறீங்க மேடம்?" என்றார். அவருக்கு என்னை ஞாபகமே இல்லை. இத்தனை நாள் இவர் முகத்தை நினைத்து நினைத்துக் குன்றிப்போயிருந்தேன். அவருக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், அவ்வளவுதான்.

"ஜென்ட்ஸ்ல ட்ரெயில் ஷூ. பத்து" என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அண்ணே, ஜென்ட்ஸ் பத்து!" என்று அவர் மாடியைப் பார்த்துக் கத்தத்தான் செய்தார். காது மடல் இந்த முறையும் சுட்டது. ஆனால் காலை உள்ளே இழுக்கவில்லை. சாம்பல் நிறத்தில் வந்ததைப் போட்டுக்கொண்டு, வாசலில் ஸ்கூட்டர் ஏற்றுவதற்காகப் போட்டிருந்த சிமெண்டுச் சரிவில் ஏறி இறங்கினேன். வேகமாக இறங்கிச் சட்டென்று நின்றும் பார்த்தேன். விரல் இடிக்கவில்லை. ஆனால் முன்பக்கம் சரியாக இருந்தாலும் குதிகால் லேசாகத் தூக்கியது. மேலே கடைசியாக இருக்கும் ஓட்டையிலும் நாடாவைக் கோத்து இறுக்கியதும் அதுவும் நின்றது. தெருவில் போன இரண்டு பேர் என்னை வேடிக்கை பார்த்தார்கள்.

அடுத்த முறை பச்சமலையில் நான் யாரையும் காக்க வைக்கவில்லை. ஈரப்பாறையில்கூட நிமிர்ந்து இறங்கினேன். அன்று என் காலைப் பார்த்துப் பரிதாபப்பட்ட அதே பெண் என் பக்கத்தில் வந்து, "அக்கா, இது ஜென்ட்ஸ் ஷூ மாதிரி இருக்கே?" என்றாள்.

"வீட்டுக்காரரோடது" என்றேன். அப்படி ஒரு பொய் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்த மகளின் நடை ஒரு நொடி தடைப்பட்டது. திரும்பாமல் போய்விட்டாள்.

அது அதோடு முடிந்திருக்கலாம். மறுவாரம் காலை நடைக்கு நான் வீட்டுச் சாவியை மறந்துவிட்டு வந்ததால், கணவர் ஸ்கூட்டரில் அதைக் கொண்டுவந்தார். அந்தப் பெண் அவரைப் பார்த்ததும், "அண்ணே, உங்க ஷூவை அக்காகிட்ட பறிகொடுத்துட்டு நீங்க செருப்போட சுத்தறீங்களே!" என்றாள்.

அவர் என் காலிலிருந்த சாம்பல் நிற ஷூவைப் பார்த்தார். "என்னுதா? என் கால் எட்டுதானுங்களே. அதுல ரெண்டு கால விடலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கரையோரம் எருமைகள் போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றேன். என் முகத்தைக் கண்டதும் கணவருக்குத் தன் வாய் செய்த வேலை புரிந்துவிட்டது. எதையோ சொல்லி மழுப்ப வாயெடுத்தார்.

"என்னுதுதான்" என்றேன். "என் காலு ஒன்பது. மலைக்குப் பத்து வாங்கினேன். அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்."

"அதுக்கு எதுக்கு அக்கா பொய்யி?" என்றாள் அவள், நிஜமாகவே புரியாமல். எதிர் வீட்டு அக்கா, "சரி வாங்க, வெயில் வந்துரும்" என்று நடக்க ஆரம்பித்தார். பேச்சு காலைப் பலகாரத்துக்கு மாறிவிட்டது. நான் கடைசி ஆளாகப் போனேன். வீடு வந்து சேரும்வரை முகத்தில் சூடு இறங்கவில்லை.