ஏற்றத்தில் போட்ட கையெழுத்து

சென்ற வியாழக்கிழமை காலை திருவொற்றியூர் தேரடியில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். அமுதாவிடமிருந்து அழைப்பு வந்தது. கத்திவாக்கத்தில் மீன் விற்கும் அமுதாதான் எங்கள் கழிமுகக் கூட்டமைப்பின் புதிய தலைவர். பொறுப்பேற்பு விழாவைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். "அண்ணே, தேசப்பண்ணன் பூட்டாருண்ணே. காலைல அஞ்சு மணிக்கி, ஆஸ்பத்திரிலயே" என்றாள்.

தேசப்பனை அறிந்த உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, நிம்மதிதான் வந்தது. அவன் என்னிடம் மூன்று முறை எழுதிக் கேட்டு, நான் எழுதித் தராமல் இழுத்தடித்த ஒரு வரி உண்டு. இனி அதைக் கேட்க ஆளில்லை என்ற நிம்மதி. அது ஒரு நொடிதான் இருந்தது. அடுத்த நொடியே என் மேல் எனக்கு அருவருப்பு வந்தது. வந்த பேருந்தில் ஏறாமல் அங்கேயே நின்றேன்.

அவனை 'அவர்' என்று எழுதினால் அவனே சிரிப்பான். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. என் அப்பாவும் கட்டுமரக்காரர்தான். நான் படித்து, துறைமுகத்தில் குமாஸ்தாவாகி, திருவொற்றியூரில் வீடு கட்டிக்கொண்டு கரைக்காரனாகிவிட்டேன். அவன் கழிமுகத்திலேயே இருந்தான். அவனுக்கு வலையும் கிடையாது, படகும் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிப்பான். பிடித்த இறாலைப் போட பறி என்கிற சின்னப் பனையோலைக் கூடை, அதைப் பல்லால் கவ்வியிருப்பான். அதனால் தண்ணீரில் இருக்கும்வரை அவனால் பேச முடியாது. கரையேறியதும் அத்தனைக்கும் சேர்த்துப் பேசுவான். "எனுக்குக் கண்ணு கையிலதாண்டா கீது" என்பான். அது வெறும் பெருமைப் பேச்சு அல்ல. கழிமுகத்தின் அடியில் எங்கே மணல், எங்கே களிமண், எங்கே சாம்பல் என்று அவன் உள்ளங்கைக்குத் தெரியும். நிலக்கரி எரிக்கும் ஒரு நிறுவனத்தின் சாம்பல் குழாய் ஒழுகுகிறது என்று ஊருக்கு முதலில் சொன்னதே அவன்தான். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிய அதன்பிறகு பல மாதமாயிற்று.

கூட்டமைப்பு தொடங்கியபோது என்னைத் தலைவராக்கியதும் அவன்தான். நான் வேண்டாம் என்றேன். "எங்களக் கண்டா ஆபீஸ்ல வாசப்படியோட அனுப்பிடுறாங்கோ. பேண்ட்டு போட்ட ஆளு ஒருத்தன் ஓணும். நீதான் கீற" என்றான். தலைவருக்கு வேண்டிய தகுதி அவ்வளவுதான் என்று தெரிந்ததும் ஒத்துக்கொண்டேன். செயலாளர் அவன்.

பொறுப்பேற்ற நாள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பந்தல், மைக் செட், கழுத்து வலிக்கும் அளவுக்குச் சால்வை. நான் புது வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். ஆறு மாதத்தில் சாம்பலை அள்ள வைப்பேன், மூன்று ஆண்டில் நம் பிள்ளைகள் இந்தத் தண்ணீரில் முகம் பார்ப்பார்கள் என்று பேசினேன். கைதட்டல் அடங்கியதும் தேசப்பன் மேடைக்கு ஒரு பிளாஸ்டிக் பேசினைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் கழிமுகத்துச் சேறு, சாம்பல் நிறத்தில். "மாலைலாம் அப்பால. மொதல்ல கைய வுடு தலீவரே. இன்னாத்துக்குத் தலீவரு ஆவுறன்னு கைக்குத் தெரிய வோணாவா?" என்றான்.

நான் சட்டைக் கையைப் பார்த்தேன். பிறகு இரண்டு விரலை மட்டும் நனைத்து எடுத்தேன். கூட்டம் சிரித்தது, அவனும் சிரித்தான். "ரெண்டு வெரலு வுட்டா ரெண்டு வெரலு வேலதான் நடக்கும், பார்த்துக்கோ" என்றான். வேடிக்கைப் பேச்சு என்றுதான் அன்று நினைத்தேன்.

ஆறு மாதம் மனு மேல் மனு கொடுத்தோம். எத்தனை அலுவலகம், எத்தனை பெஞ்சு என்று சொல்லி உங்களைச் சலிக்க வைக்கவில்லை. கடைசியில் ஓர் அதிகாரி கூட்டுப் பார்வைக்கு ஒத்துக்கொண்டார். அவர்களும் நாங்களும் சேர்ந்து இடத்தைப் பார்ப்பது, பார்த்ததை எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்திடுவது. எந்த நாள், எத்தனை மணி என்று தொலைபேசியில் கேட்டார்கள். பதினைந்தாம் தேதி காலை பத்து மணி என்று சொல்லிவிட்டேன். அலுவலகத்துக்குப் போகிறவனுக்குப் பத்து மணிதான் தெரியும். அது பௌர்ணமிக்கு மறுநாள் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. என் அப்பா இருந்திருந்தால் செருப்பால் அடித்திருப்பார்.

அன்று சாயங்காலம் தேசப்பன் ஈரத் துண்டோடு என் வீட்டுக்கு வந்தான். "பத்து மணியா? பௌர்ணமி கயிஞ்சி மறுநாளு பத்து மணிக்கி ஏத்தம்டா. தண்ணி தளும்பிகினு நிக்கும். சாம்பலு எப்புடித் தெரியும்? வத்தம் நாலு மணிக்கி. சாயந்தரமா வரச் சொல்லு."

அவன் சொன்னது சரி என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய நேரம் அது. மாற்றக் கேட்டால் கைவிட்டுப் போய்விடும் என்று பயந்தேன். அதைவிட, தலைவனாக முதல் முறை ஒரு காரியத்தைச் செய்து முடித்திருக்கிறேன், அதில் இவன் குற்றம் கண்டுபிடிக்கிறானே என்ற எரிச்சல். "அதெல்லாம் இனிமே மாத்த முடியாது. அவங்க என்ன உன் வூட்டு ஆளா?" என்றேன். அவன் ஈரத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "செரி, உன் இஸ்டம்" என்று போய்விட்டான்.

பதினைந்தாம் தேதி காலை கழிமுகம் கல்யாணப் பெண் போல இருந்தது. கரை முட்டத் தண்ணீர், மேலே நாரை. வண்டியிலிருந்து இறங்கிய அதிகாரி, "நல்லாத்தானே இருக்கு, ரொம்ப அழகா இருக்கு" என்றார். கெட்டவர் இல்லை, கண்ணால் பார்த்ததைச் சொன்னார். நான் சாம்பல் என்று கை காட்டிய இடத்திலெல்லாம் வானம் தெரிந்தது.

அப்போது தேசப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். மார்பளவுக்குப் போய் ஒரு முழுக்கு. எழுந்தபோது இரண்டு கையையும் சேர்த்துத் தலைக்கு மேல் தூக்கியிருந்தான். "சார், கீய கீது சார்! இந்தா பாரு சார், சாம்பலு!" நுண்ணிய சாம்பல் தண்ணீரோடு விரலிடுக்கில் வழிந்துகொண்டிருந்தது. கரைக்கு நடந்து வருவதற்குள் கை காலியாகிவிடும். மறுபடி முழுகுவான், மறுபடி தூக்கிக் காட்டுவான். மூன்று முறை அப்படிச் செய்தான். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு மானம் போவதுபோல் இருந்தது. "தேசப்பா, போதும், மேல வா" என்று கத்தினேன்.

நண்பர்களே, அந்தக் குரல்தான் இன்றுவரை என் காதில் இருக்கிறது. அவன் பொய் சொல்கிறான் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அவனை நிறுத்தியது அவன் தலைவன்.

வண்டியின் முன்பக்கத்தில் வைத்துத் தாளை நீட்டினார்கள். 'பார்வையிட்ட நேரத்தில் சாம்பல் படிவு ஏதும் காணப்படவில்லை' என்று இருந்தது. வந்துபோனதற்கு அடையாளம்தான், அப்புறம் விரிவாகப் பார்க்கலாம் என்றார்கள். தலைவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஈரத்தோடு நின்ற தேசப்பன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

நான்கு மணிக்கு அவன் மறுபடி என் வீட்டுக்கு வந்து என்னை அதே இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். தண்ணீர் வற்றியிருந்தது. காலையில் அவன் முழுகிய இடத்தில் கணுக்காலளவு சாம்பலில் இருவரும் நடந்தோம். அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "தண்ணி பொய் சொல்லாதுடா. நாமதான் நேரம் பார்த்துக் கேக்கணும்" என்றான்.

அந்தத் தாளை வைத்து எங்கள் புகாரை முடித்துவைத்தார்கள். அதன்பிறகு எங்கே போனாலும் ஒரே பதில்: உங்கள் தலைவரே கையெழுத்துப் போட்டிருக்கிறாரே. அப்போதுதான் அவன் அந்த வரியைக் கேட்டான். பார்வை நடந்தது தண்ணீர் ஏறி நின்ற நேரத்தில் என்று ஒரே ஒரு வரி, என் கைப்பட. அதை வைத்து மறுபார்வை கேட்கலாம் என்று ஒரு வழக்கறிஞர் சொல்லியிருந்தார். செயலாளர் என்ற முறையில் தேசப்பன் எனக்குக் கடிதமே எழுதினான். கோணல் கையெழுத்தில், 'மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு' என்று தொடங்கி மூன்று கடிதங்கள். முதல் முறை ஓய்வுபெறும் நேரத்தில் வம்பு வேண்டாம் என்றேன். இரண்டாம் முறை பார்க்கலாம் என்றேன். மூன்றாவதற்குப் பதிலே போடவில்லை. உண்மைக் காரணம் வேலையும் இல்லை, வம்பும் இல்லை. மீனவன் மகன், ஏற்றம் வற்றம் தெரியாமல் ஏமாந்தான் என்று ஊர் சொல்லும். அந்த ஒரு பேச்சுக்கு அஞ்சினேன்.

சாம்பல் ஏற ஏற இறால் போயிற்று. சேற்றில் கிடந்த அவன் கைகள் வெடித்து, தோல் உரிய ஆரம்பித்தன. மணலிப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் காவலாளியானான். ஒருநாள் அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். தொளதொள நீலச் சட்டை, கையில் விசில், பிளாஸ்டிக் நாற்காலி. என்னைக் கண்டதும் எழுந்து சல்யூட் அடித்தான். "பாத்தியா தலீவரே, நானும் பேண்ட்டு போட்டுட்டேன்" என்றான். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட முடியவில்லை.

மார்பில் சளி கட்டி அவனை அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது போய்ப் பார்த்தேன். வரியைப் பற்றிக் கேட்பான் என்று வழியெல்லாம் பதில் தயார்செய்துகொண்டு போனேன். கேட்கவில்லை. "இன்னிக்கி இன்னா திதி?" என்றான். யோசித்துப் பார்த்து சப்தமி என்றேன். "அஷ்டமிடா. இந்நேரம் தண்ணி வத்திகினு கீது" என்று சன்னலைப் பார்த்தான். அந்தச் சன்னலில் தெரிந்தது எதிர்க் கட்டடம்தான். அவன் கேட்டிருந்தால் பொய்யாவது சொல்லியிருப்பேன். கேட்காமல் விட்டானே, அதுதான் இன்னும் தாங்கவில்லை.

அடக்கம் முடிந்து திரும்பும்போது அவன் மனைவி கஸ்தூரியிடம் சொன்னேன், உன் புருஷனுக்கு நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேம்மா என்று. அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அது எனுக்குத் தெரியும்ண்ணா. உன்னிய ஒரு வார்த்த கொற சொன்னதில்ல. பாலு எய்துவான், நாளு ஆவும், ஆனா எய்துவான்னு சொல்லிக்கினே இருந்துச்சி" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது அமுதா தலைவராகிறாள். விழாவைத் தள்ளிவைத்திருக்கிறாள். சால்வை, பந்தல் எதுவும் கிடையாதாம். "தேசப்பண்ணன் கொணாந்த அந்த பேசினு எங்கண்ணே கீது?" என்று மட்டும் கேட்டாள். கஸ்தூரி வீட்டில் அதில் பாத்திரம் கழுவுகிறார்கள் என்றேன். காரியம் முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள். அவளும் ஆறு மாதம், மூன்று ஆண்டு என்று ஏதாவது சொல்வாள். சொல்லட்டும், நம்பிக்கை இல்லாமல் யாரும் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. முன்னாள் தலைவன் என்ற முறையில் அவளுக்கு ஒரே புத்திமதி: அமுதா, முழங்கை வரைக்கும் விடு. உன் செயலாளர் தண்ணீரில் நின்று கத்தினால், கரையில் நிற்பவர்களைக் காத்திருக்கச் சொல்.

அவனிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது ஒரு பழக்கம்தான். இந்த ஒரு வாரமாகக் காலையில் எழுந்ததும் நாட்காட்டியில் திதியைப் பார்க்கிறேன், இன்றைக்கு எத்தனை மணிக்கு வற்றம் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன். தேசப்பா, நீ கேட்டது ஒரு வரி. தாமதமானதால் மூன்றாகிவிட்டது. அமுதா இதை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்க் காட்டட்டும்.

நான் கையெழுத்திட்ட கூட்டுப் பார்வை, கழிமுகத்தில் தண்ணீர் ஏறி நின்ற காலை பத்து மணிக்கு நடந்தது. சாம்பல் தண்ணீருக்கு அடியில் இருந்தது. அது எனக்குத் தெரியும்.

பாலகிருஷ்ணன்,
முன்னாள் தலைவர்.