டீச்சர்மார் கக்கூஸ்

எண்பதுகளின் நடுவில், தாராவியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தேன். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, ஆரோக்கிய வாரம் கொண்டாட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. வேலை என் தலையில் விழுந்தது. பிள்ளைகளின் நகம் பார்த்தேன், பேன் பார்த்தேன், ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று சார்ட் எழுதி வாசலில் மாட்டினேன்.

அந்த சார்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா சண்டைக்கு வந்தாள். புருஷனோடு சேர்ந்து தோல் பை தைக்கிறவள், திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. மகளுக்குக் காய்ச்சல், ஒன்றுக்குப் போனால் எரிச்சல்.

“தண்ணி குடிக்கச் சொல்லுதிய, டீச்சர். குடிச்சா எங்க போவா? சாயங்காலம் வார வரைக்கும் அடக்கிக்கிட்டே உக்காந்திருக்கா. டாக்டரு என்னையல்லா வையுதாரு!”

பெண்பிள்ளைகளுக்கென்றே கட்டிய மூன்று கழிப்பறைகள் பள்ளியில் இருந்தன. வெளிக்கதவில் எப்போதும் பூட்டு. சாவி ஸ்டாஃப் ரூம் ஆணியில் தொங்கும். டீச்சர்மார் கக்கூஸ் என்றுதான் அதற்குப் பெயர். ஆண்பிள்ளைகள் பின்சுவரோரம் ஒதுங்கினார்கள். பெண்பிள்ளைகள் அடக்கிக்கொண்டார்கள்.

ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் வசதியான தமிழர்கள் குடியிருக்கும் மாதுங்காவிலிருந்து வருகிறவர்.

“தொறந்துவிட்டா ஒரே நாள்ல நாறடிச்சுடும். இதுகளுக்கு இதெல்லாம் பழக்கம் உண்டா? நீங்க சார்ட் ஒட்டுங்கோ, போதும்.”

ஸ்டாஃப் ரூமில் மூத்த தமிழ் டீச்சர் அதைவிட மோசம். “நேத்து வந்தவ எங்களுக்குச் சட்டம் சொல்றியா? அதுங்க போற எடத்துல நான் போக மாட்டேன்.” சொன்னதோடு நிற்கவில்லை. ஆணியிலிருந்த சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அதன்பின் எனக்கும் சாவி கிடைக்கவில்லை. நானும் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். குர்லாவில் ரயில் மாறி, திலக் நகர் வீட்டுக்கு ஓடுவேன். அடிவயிறு கல்லாகக் கனக்கும். ஒவ்வொரு நாளும் அவளை மனதுக்குள் திட்டிக்கொண்டே போவேன்.

ஆரோக்கிய வாரத்தின் கடைசி நாள் பெற்றோர் கூட்டம். ஹெட்மாஸ்டர் சுத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது பை தைக்கும் அம்மா எழுந்தாள்.

“பிள்ளையளுக்குக் கட்டுன கக்கூஸை ஏன் பூட்டி வச்சிருக்கிய?”

“உக்காரும்மா, கடைசியில பேசலாம்.”

“உக்கார வரல. சாவியக் குடுங்க.”

அவளைச் சுற்றி மற்றப் பெண்களும் எழுந்துவிட்டார்கள். தமிழ் டீச்சர் கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, “மேல கை பட்டா போலீஸ்தான்!” என்று கத்தினாள். யாரும் அவளைத் தொடவில்லை. எதிர்ச்சந்துப் பட்டறையிலிருந்து யாரோ ஒருத்தி சுத்தியல் வாங்கி வந்தாள். இரண்டே அடியில் பூட்டு தெறித்தது. பியூன் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான்.

ஹெட்மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். “இது உங்க வேலைதானே?”

நான் அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனாலும், “ஆமா சார்” என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது.

அடுத்த வாரமே அறிவியலைப் பிடுங்கிக்கொண்டு என்னை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பினார். ஸ்டாஃப் ரூமில் நான் டிபன் டப்பாவைத் திறந்தால் மற்றவர்கள் எழுந்து போனார்கள். முதலில் கழிப்பறை நாறத்தான் செய்தது. தமிழ் டீச்சர் எல்லாரும் பார்க்கும்படி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பாள். பிறகு அம்மாக்கள் முறை வைத்துக்கொண்டு பக்கெட்டும் பினாயிலுமாக வந்து கழுவினார்கள். ஹெட்மாஸ்டர் புதுப் பூட்டு வாங்கி மாட்டினார். மறுநாள் காலை அது அங்கே இல்லை. அதற்கப்புறம் அவர் வாங்கவில்லை. காய்ச்சல் தேறி வந்த பெண் இடைவேளையில் குழாயடியில் தண்ணீர் குடிப்பதை நானே பார்த்தேன்.

இரண்டொரு வருஷத்தில் தமிழ் டீச்சர் ஓய்வு பெற்றாள். பிரிவு விழாவில் அவளைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை பேசச் சொன்னார்கள். முடியாது என்றேன். மாலையை மட்டும் போடுங்கள் என்றார்கள். அதற்கும் முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ரயிலேறினேன்.