இத்தாலிப் பெயர் ஒட்டிய பிடில்

"பிடில் வாங்கப் போனா உள்ளே மட்டும் எட்டிப் பார்க்காதே" என்பார் என் பெரியப்பா. ஏன் என்று அவர் சொன்னது மறந்துவிட்டது. ஆக்லாந்தில் சில வருஷம் வயலின் ரிப்பேர் செய்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பிய பிறகு காரணம் தெரிகிறது: எட்டிப் பார்த்தவன்தான் வாடிக்கையாளரிடம் போய்ச் சொல்லியாக வேண்டும். கெட்ட சேதி சொல்லிப் பிழைக்கிற எவருக்கும் இது புரியும்.

குடிபெயர்ந்தவர்

தொண்ணூறுகளில் ஆக்லாந்தின் பென்ரோஸ் பகுதியில், காலின் என்பவரின் பட்டறையில் வேலை. வருகிற பழைய பிடில்களில் பாதிக்குமேல் உள்ளே புகழ்பெற்ற இத்தாலியக் கைவினைஞர் ஒருவரின் பெயர்ச்சீட்டு இருக்கும். செய்தது என்னவோ ஜெர்மனியில், சாக்சனி மலைக்கிராமங்களில். ஒரு வீட்டில் கழுத்து மட்டும் செதுக்குவார்கள், அடுத்த வீட்டில் பலகை, இன்னொரு வீட்டில் வார்னிஷ். எல்லாவற்றையும் சேர்த்து விற்கிற வியாபாரி கடைசியில் இத்தாலியையும் ஒட்டிவிடுவார்.

அதே ஊரின் ஆல்பனி பகுதியிலிருந்து பிடிலோடு வந்த யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவருக்கு இதை விளக்கினேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப அந்த இத்தாலிக்காரர் ஜேர்மனிக்கு இடம்பெயர்ந்திருப்பார். ஏன், நாங்கள் இஞ்ச வரேல்லையே?"

பொட்டு

மங்கரே பகுதியில் வீட்டு கராஜில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித்தந்தவர் புனிதம் டீச்சர். அவர் கொண்டுவந்தது அவருடைய அப்பா வாசித்த பிடில். மேல்பலகை வெடித்திருந்தது. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் வார்னிஷோடு வார்னிஷாகிவிட்டிருந்தன. காலின் அதைப் பூஞ்சை என்று நினைத்துச் சுரண்டக் கத்தியை எடுத்தார். டீச்சர் பிடிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்: "தம்பி, உங்கட முதலாளியிட்டச் சொல்லுங்கோ, அது நோயில்லை, பொட்டு!"

அப்பாவின் இத்தாலி

மேல்பலகையைத் திறந்தோம். உள்ளே மூலைகளில் இத்தாலியர் தவறாமல் வைக்கிற கட்டைகளைக் காணோம். சாக்சனி வீட்டு வேலையேதான். இதிலும் இருந்த இத்தாலிப் பெயர்ச்சீட்டு தூசியோடு தூசியாகக் கழன்று கையில் வந்தது. "போலியைத் திரும்ப ஒட்டுகிற பட்டறை இல்லை இது" என்றார் காலின். டீச்சரிடம் சொல்கிற வேலை வழக்கம்போல எனக்கு.

கேட்டுவிட்டு டீச்சர் சொன்னார்: "எனக்குச் சின்னனிலயே சந்தேகம்தான் தம்பி. ஆனா அப்பா அந்தப் பேருக்குப் பயந்துதான் ஒரு நாளும் சுருதி விலகாமல் வாசிச்சவர். என்ர பிள்ளையளும் அதை எட்டிப் பார்த்திட்டுத்தான் நிமிர்ந்து இருக்குதுகள். ஜேர்மனிக்கு ஆர் நிமிர்ந்து இருப்பினம்?"

காலின் சாப்பிடப் போன நேரத்தில் பசை காய்ச்சி, சீட்டை இருந்த இடத்திலேயே ஒட்டி, மேல்பலகையை மூடினேன்.