ஒன்றாம் வகுப்புக்கு ஒரு கார்ப்பெட்

பெரிய டீச்சருக்கு வலது காது கேட்காது என்பது அவர் கணவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. ஐம்பதைத் தாண்டிய வயதில் ஒரு காய்ச்சல் வந்து படுத்தியெடுத்தது. போகிறபோது ஒரு காதைக் கையோடு கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த இடது காதை வைத்துக்கொண்டுதான் அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தைக் கட்டி மேய்த்தார். தலைமையாசிரியரும் அவரே, ஒன்றாம் வகுப்பு டீச்சரும் அவரே.

"மிஷின் வெச்சுக்கோயேன். கண்ணாடி போட்டுக்கல? அது மாதிரிதான் இதுவும்" என்பார் கணவர்.

"கண்ணாடி போட்டா படிச்சவம்பாங்க. காதுல மிஷின மாட்டினா செவிடும்பாங்க. அப்புறம் யாருங்க பிள்ளைங்கள எங்கிட்ட விடுவாங்க?"



ஒன்றாம் வகுப்பு அறையில் சிமெண்டுத் தரை, வெறும் சுவர்கள். ஒரு நாற்காலியை இழுத்தால் போதும், சத்தம் நாலு பக்கமும் முட்டிக்கொண்டு திரும்பி வரும். அத்தனை பிள்ளைகளின் பேச்சும் டீச்சருக்கு உலை கொதிக்கிற மாதிரிதான் கேட்கும். ஒருநாள் ஒரு வாண்டு "டீச்சர், தண்ணி" என்றது. "பன்னியா? எங்க?" என்று இவர் வாசலை எட்டிப் பார்க்க, வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வேண்டுமென்றே விளையாடியவர் போல அவரும் சிரித்துவைத்தார். வீட்டுக்கு வந்துதான் அழுதார்.

அந்த வருடம் பழுது பார்க்கும் வேலை நடந்தபோது வகுப்புத் தரையை மாற்றலாம் என்ற பேச்சு வந்தது. ஒரு வேலையாக வங்கிக்குப் போயிருந்த டீச்சர், மேலாளர் அறைக்குள் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார். தரை முழுக்கக் கார்ப்பெட். வெளியே இருந்த இரைச்சல் ஒன்றுகூட உள்ளே இல்லை. மேலாளர் மெதுவாகப் பேசியது சொல் சொல்லாகக் காதில் விழுந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

பள்ளிக் குழுவின் தலைவர் ஒரு மருந்துக்கடைக்காரர். மேசையில் பரப்பியிருந்த கார்ப்பெட் துண்டுகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"டைல்ஸ் போட்டா துடைச்சா போச்சு டீச்சர். சின்னப் பிள்ளைங்க. சிந்தும், கொட்டும், வாந்தி எடுக்கும். மழை பெஞ்சா அந்த ரூமுக்குள்ள தண்ணி வேற வரும்."

"டைல்ஸ்ல வழுக்கி விழுந்து மண்டைய உடைச்சுக்கிட்டா நீங்க வந்து பதில் சொல்வீங்களா? இதுல விழுந்தா அடியே படாது சார்."

ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில் தலைவர், "எப்படியோ போங்க, உங்க வகுப்பு" என்று கையைக் கழுவிக்கொண்டார். காதைப் பற்றி டீச்சர் மூச்சுவிடவில்லை.

பச்சை நிறத்தில் கார்ப்பெட் வந்தது. பசை தடவி, மூலை முடுக்கெல்லாம் அழுத்தி ஒட்டினார்கள். பிள்ளைகள் அதில் உருண்டார்கள். குப்புறப் படுத்து எழுதினார்கள். டீச்சருக்கோ போன உயிர் திரும்பி வந்தாற்போல இருந்தது. யார் மூக்கை உறிஞ்சுகிறார்கள் என்பதுகூடத் தெரிந்தது.

மழைக்காலம் வந்தது. வாசற்படிக்கு அடியில் தண்ணீர் கசிந்து உள்ளே இறங்கியது. மின்விசிறி மேல்பக்கத்தை மட்டும் காயவைத்தது. அடியில் ஈரம் அப்படியே தங்கிவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் நனைந்த நாய் வாடை. பெருக்குகிற அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "இத எடுத்துட்டு வெயில்ல போடணும் டீச்சர்" என்றார்.

"ஒட்டுனத எப்படி எடுக்கறது? ரெண்டு நாள் வெயிலடிச்சா சரியாப் போயிடும்."

எடுத்தால் திரும்பப் போட விடமாட்டார்கள் என்பது டீச்சருக்குத் தெரியும். சாம்பிராணி கொளுத்தி வைத்தார்.

முதல் வரிசையில் ஒரு பெண் குழந்தை. முன்பற்கள் இரண்டும் விழுந்து, ஓயாமல் பேசும் வாயாடி. அதன் அம்மா ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல் வேலை செய்பவள். வேலைக்குப் போகிற அவசரத்திலும் ஒருநாள் வந்து நின்றாள்.

"வீட்ல நல்லாத்தான் இருக்கா டீச்சர். இங்க வந்துட்டு வந்தா ராத்திரியெல்லாம் இளைக்குது. ஏற்கெனவே கொஞ்சம் மூச்சுத் தொந்தரவு இருக்கறவ."

"சீதோஷ்ணம் மாறுதுல்லம்மா, எல்லாப் பிள்ளைக்கும்தான் இருமல். வெந்நீர் குடுத்து விடு."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம், கணக்குப் பாடம். டீச்சர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். கேட்காத வலது காது வகுப்பைப் பார்த்திருந்தது. அந்தக் குழந்தை எழுந்து இரண்டடி நடந்து, அவர் பக்கம் கையை நீட்டிவிட்டு விழுந்தது. கார்ப்பெட்டில் விழுந்ததால் சத்தமே வரவில்லை. மற்ற பிள்ளைகள் அது படுத்து விளையாடுகிறது என்று நினைத்தார்கள். டீச்சர் கணக்கை எழுதி முடித்துத் திரும்பியபோது குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. வாரியெடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் தெருவில் ஓடினார். ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது உயிர் இல்லை.

விசாரணை நடந்தது. குழந்தைக்குப் பிறவியிலேயே மூச்சுக் கோளாறு, யார் மேலும் குற்றமில்லை என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். மருந்துக்கடைக்காரரும் பழைய பேச்சைக் கிளறவில்லை. எல்லோரும் டீச்சருக்கு ஆறுதல் சொன்னார்கள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை.

ஒரு மாலையில் அந்த வீட்டுக்குப் போனார். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் கைக்குழந்தை தூங்கியது. அவளே கேட்டாள்.

"அவ கூப்பிட்டாளா டீச்சர்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் வாயெடுத்தார்.

"தெரியலம்மா. எனக்கு இந்தக் காது கேக்காது. கூப்பிட்டிருந்தாலும் கேட்டிருக்காது. சத்தம் இல்லாம இருந்தா சமாளிச்சுக்கலாம்னுதான் அந்தக் கார்ப்பெட்டையே போடச் சொன்னேன். நீ வந்து சொன்னப்பவே எடுத்திருக்கணும்."

அந்தப் பெண் கத்தவில்லை, அடிக்கவில்லை. "போயிடுங்க" என்று மட்டும் சொன்னாள். குழந்தை விழித்து அழத் தொடங்கியது; அதைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே எழுந்து போனாள்.

மறுநாள் டீச்சர் குழுவிடமும் ஒன்றுவிடாமல் சொன்னார். கார்ப்பெட்டைப் பிய்த்தெடுத்தபோது அடிப்பக்கம் முழுக்கக் கருப்பாகப் பூஞ்சை பூத்திருந்தது. அதை எடுத்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார். பிறகு வேலையை விட்டுவிட்டார்.

அவரும் அந்தப் பெண்ணும் இன்றைக்கும் ஒரே தெருவில்தான் காய்கறி வாங்குகிறார்கள். டீச்சரைக் கண்டால் அவள் அந்தப் பக்கம் மாறிப் போய்விடுவாள். அவள் வாங்கி முடிக்கும்வரை டீச்சர் பையோடு ஓரமாக நிற்பார்.