காது இருக்கிற உயரம்

ஸ்பீக்கர் மாட்டுகிற வேலையில் ஸ்பீக்கரால் தொல்லையே கிடையாது. கேட்கிற ஆளால்தான் தொல்லை. வீட்டுக்கு வீடு போய் ஃபேன், லைட், திரைச்சீலை என்று எதையாவது மாட்டிக் கொடுக்கிற அண்ணன்மார்களே, நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும்.

எண்பதுகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஸ்டீரியோ கடையில் இருந்தேன். பெட்டியின் மேல்பக்கம் இருக்கிற சின்ன ஸ்பீக்கர், உட்கார்ந்திருப்பவர் காதுக்கு நேராக இருக்க வேண்டும். இவ்வளவுதான் வித்தை. இதற்காகவே ஒரு தையல் நாடாவைச் சட்டைப் பையில் வைத்திருப்பேன். அப்படியிருந்தும் கிள்ளானில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு முறை புகார் வந்துவிட்டது. முதலாளி கூப்பிட்டார். "இன்னொரு தடவை அந்த அங்கிள் போன் பண்ணினா, நீ வெளி வேலைக்கே போக வேணாம். ஸ்டோர்ல உக்காந்து ஃபேன் ரிப்பேர் பாரு லா." நானோ நாலு வீடு ஏறி, நாலு வீட்டுக் காப்பி குடித்துப் பழகினவன். ஸ்டோரில் போட்டால் செத்தேன்.

அந்தக் கிள்ளான் வீட்டுக்குப் போவதற்கு முன்னால், என் நாடா பட்ட பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள்.

அலமாரிக்கு மேலே

செலாயாங்கில் ஒரு ஆன்டி இரண்டு ஸ்பீக்கரையும் துணி அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார். கூரையை முட்டிக்கொண்டு நின்றன. மேலே பின்னல் துணி, அதற்கும் மேலே பிளாஸ்டிக் ரோஜா. கீழே வைத்தால் பிள்ளைகள் விரலை விட்டு நோண்டுமாம். "ஆன்டி, பாட்டெல்லாம் உங்க தலைக்கு மேலயே போயிடும்" என்று கெஞ்சினேன். ஒரு தட்டு முறுக்கை என் முன்னால் வைத்துவிட்டு, பாவம் பையன் என்பது போல் பார்த்தார். "மழை மேலருந்துதானே பெய்யுது, நாம நனையலையா தம்பி?"

ஜன்னலைப் பார்த்து

பூச்சோங்கில் ஒரு லோரி டிரைவர் அண்ணன். அவரை ஹாலில் உட்கார வைத்து, காதை அளந்து, கச்சிதமாக வைத்துக் கொடுத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினால், மனுஷன் இரண்டு பெட்டியையும் ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறார். "அண்ணே, உங்களுக்கு முதுகைக் காட்டுதே!" என்று பதறினேன். "எதிர்வீட்டுக்காரன் போன மாசம் புது செட் வாங்கி ரொம்ப ஆடிட்டான் பாஸ். அவன் காது எவ்வளவு உயரம்னு போய் அளந்துட்டு வா."

கிள்ளான் கதிரை

கிள்ளான் அங்கிள் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க ஆபீஸில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கதிரை என்றால் அவர்கள் வீட்டில் நாற்காலி. நான் போன இரண்டு தடவையும் வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டிக்கொண்டு, பிரம்புக் கதிரையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். காதை அளந்தேன். ஸ்டாண்டை ஏற்றினேன், இறக்கினேன். "நல்லாயிருக்குது" என்றார். மறுநாளே, வயலின் மங்கலாகக் கேட்கிறது என்று கடைக்கு போன்!

மூன்றாவது தடவை, ரவாங்கில் ஒரு வேலை ரத்தானதால், சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். கதவு திறந்திருந்தது. அங்கிள் இடுப்பில் வெறும் சாரத்தோடு ஹாலில் பாயில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி வயலின் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திருடன் மாதிரி எழுந்து, சட்டை போட உள்ளே ஓடினார். அவர் மனைவி சிரித்துவிட்டார். "ஆபீஸில இருந்து இருந்து இவருக்கு முதுகு பிடிச்சுப் போச்சு தம்பி. நீங்கள் வாற நாளிலதான் கதிரையில இருக்கிறவர். மற்ற நேரமெல்லாம் நிலத்திலதான்."

அடக் கடவுளே! இத்தனை நாளும் விருந்தாளிக்காக வைத்திருந்த காதையல்லவா அளந்திருக்கிறேன்! அங்கிள் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்து கதிரையில் அமர்ந்தார். நான் நாடாவை எடுக்கவில்லை. அவர் பாயில் போய்ப் படுத்தேன். உண்மைதான், அங்கே வயலின் மங்கல்தான். எழுந்து ஸ்டாண்டைக் கழற்றி, பெட்டிகளைப் பாய்க்கு எதிரே தரையில் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டு, மறுபடி படுத்துக்கொண்டு, "வாங்க அங்கிள்" என்று பக்கத்து இடத்தைத் தட்டினேன். அவர் மனைவியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கழுத்துப் பொத்தானைக் கழற்றினார், வந்து படுத்தார். வில் தந்தியில் உரசுவது கூடத் தெளிவாகக் கேட்டது. அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், அவ்வளவு பிடித்துப்போயிற்று அந்த மனுஷனை. கொஞ்ச நேரம் கழித்து என் காதருகே ரகசியமாகச் சொன்னார்: "இதுதான் தம்பி, இதேதான். ஆனால் உங்கட முதலாளி கேட்டால், நான் கதிரையில இருந்துதான் கேட்டனான் எண்டு சொல்லுங்கோ."

ஸ்பீக்கரை எந்த உயரத்தில் வைப்பது என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், நாடாவைக் கண்டதும் மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவான், அதனால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள் என்றுதான் சொல்கிறேன்.