தங்கச்சியின் முழங்கை

இன்று ஆஸ்பத்திரியில் என் ஆறு வயதுத் தங்கச்சியின் முழங்கையிலிருந்த இரண்டு கம்பிகளையும் எடுத்துவிட்டார்கள்.

போன மாதம் ஊஞ்சலிலிருந்து விழுந்தவளை, முதலில் புக்கிட் ரோத்தானில் எண்ணெய் தடவி எலும்பு பிடிப்பவரிடம்தான் தூக்கிப் போனோம்.

"ஆடாம அமுக்கிப் புடிமா" என்றார். அவள் தோளை அமுக்கிப் பிடித்தது நான். அந்த அலறல் இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் விரல்கள் நீலமாகவே, ஆஸ்பத்திரியில் அவசரமாக அறுவை சிகிச்சை செய்து கம்பி வைத்தார்கள்.

இன்று டாக்டர், "கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் போடு" என்றார். அவளுக்கு வட்டம் வரவில்லை. அடிபட்ட நரம்பு தேற மாதங்கள் ஆகலாமாம், தேறாமலும் போகலாமாம்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட் ஆன்ட்டி தங்கச்சியின் கையைப் பார்த்துவிட்டு, "ஜெராம் ஊர்ல ஒருத்தர் இருக்காரு லா. எண்ணெய் போட்டு ரெண்டு தடவ புடிச்சா போதும்" என்றார்.

தங்கச்சி கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஆன்ட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அக்கா, நீ என்னைய அமுக்கிப் புடிக்க மாட்டல்ல?"

மாட்டேன் என்றேன். இறங்கும் வரை அவள் கையை வெளியே எடுக்கவில்லை.

ஆன்ட்டி அந்த ஜெராம்காரரின் நம்பரை என் போனில் தானே பதிந்து கொடுத்தார், அவ்வளவு அன்பு. இப்படிப்பட்டவர்களுக்கு நீங்களெல்லாம் என்ன பதில் சொல்வீர்கள்? நான் "நன்றி ஆன்ட்டி" என்றுதான் சொன்னேன்.