ஐஸ் இறக்க வந்தவர் வாசித்த கிதார்

இலுப்பூரில் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் இன்னிசைக் குழு மேடையேறும் நேரத்தில் கிதார்காரர் கதவிடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டார். நான் கையைப் பிசைந்து நின்றேன்.

"நான் வாசிக்கட்டுங்களா?"

ஜூஸுக்கு ஐஸ் இறக்க வந்தவர். வெள்ளைத் தாடி, மடித்துக் கட்டிய கைலி. பேசும்போதே இடக்கை விரல்கள் வலக்கை மேல் கம்பி தேடி ஓடின.

"யாரு மாதிரி வாசிப்பீங்க?"

"அந்தக் காலத்து ராக் கேசட்டுல பாட்டுக்காரருக்குப் பின்னாடி நின்னு வாசிப்பாங்கல்ல, அவுங்க மாதிரி. துபாய்ல கேட்டுக் கேட்டுப் பழகுனதுங்க."

வேறு வழியில்லாமல் கிதாரை நீட்டினேன்.

முதல் சரணம் வரை சாதுவாக இருந்தார். பிறகு கிதார் அலறியது! பாடகி வரியை மறந்து கைதட்டினாள். மாப்பிள்ளையின் தாய்மாமா துண்டைச் சுழற்றி ஆடினார். மணப்பெண் மாலையோடு குதித்தாள். நான் சிரித்துச் சிரித்து மைக்கைத் தவறவிட்டேன்.

இறங்கி வந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கடைசியா வாசிச்சீங்களே, அது யாரோடதுங்க?"

"பாவம், அவரு பேரு கேசட் அட்டையிலயே இல்லைங்க. நானும் தேடிக்கிட்டுதான் இருக்கேன். வாரேன்."

ஐஸ் வேன் கிளம்பியது. அவர் பெயரையும் நான் கேட்டிருக்கவில்லை.